நீலாம்பாள் கார்டு மாற்றிய ஞாயிற்றுக்கிழமை

“வெள்ளை ஸ்லாட் மூணு இருக்கு அண்ணே. பிரௌன் கலர்ல ஒண்ணும் இல்ல.”

“நல்லாப் பாரு. வெள்ளைக்கு மேல, கொஞ்சம் தள்ளி, குட்டையா இருக்கும்.”

“டார்ச் அடிச்சுத்தான் பாக்கறேன். இல்லாதத நான் எங்கேர்ந்து எடுத்துத் தர?”

2003 செப்டம்பரில், ஷார்ஜாவிலிருந்து ஒரே கேள்வியை மூன்றாவது முறையாகக் கேட்டபோது என் தங்கை நீலாம்பாள் சொன்ன பதில் இது. கொச்சி மட்டாஞ்சேரியில் ஜூ டவுனுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவள் ‘நீலா டி.டி.பி.’ என்று சின்னதாக ஒரு கடை வைத்திருந்தாள். கடையில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். அதில் படம் காட்டுவதற்கென்று தனிக் கார்டு கிடையாது. மதர்போர்டிலேயே பதிந்து வந்த சில்லுதான் திரைக்குப் படம் அனுப்பும். அதற்குச் சொந்த மெமரிகூட இல்லை. கம்ப்யூட்டரிடம் இருந்த அறுபத்து நாலு எம்.பி.யில் எட்டை எடுத்துக்கொண்டு காலம் தள்ளியது. எழுத்து வேலைக்கு அது போதும். போட்டோ வேலைக்குப் போதாது. கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கி வா என்று கேட்டிருந்தாள். கார்டைச் செருக மதர்போர்டில் இருக்கிற நீளப் பள்ளம்தான் ஸ்லாட். பிரௌன் ஸ்லாட்டுக்குச் செய்த கார்டு வெள்ளை ஸ்லாட்டில் நுழையாது. தப்பானதை வாங்கிக்கொண்டு போனால் மாற்றித் தர மட்டாஞ்சேரியில் ஆள் இல்லை. அதனால்தான் மூன்று முறை கேட்டேன். நாலாவது முறையும் கேட்டிருப்பேன், அவள் போனை வைத்துவிட்டாள்.

அந்தக் கார்டின் மேல் எவ்வளவு பாரம் ஏறி உட்கார்ந்திருந்தது என்பதைச் சொல்ல அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்கள் அப்பா அய்யாசாமி கொச்சி கார்ப்பரேஷனில் துப்புரவுத் தொழிலாளி. அம்மா ஒச்சம்மாள் ஜூ டவுன் கிடங்குகளில் சுக்குப் பொறுக்குகிறவள். ஆண்டிப்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். எங்கள் இருவருக்கும் பள்ளிக்கூடத்தில் மலையாளம். தமிழ் எழுத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் ஒரு வாத்தியார் சொல்லிக் கொடுத்தார். நான் பாதியில் ஓடி வந்துவிடுவேன். நீலாம்பாள் கடைசிவரை இருந்து படித்தாள். பின்னாளில் அவளுக்குச் சோறு போட்டதில் அதுவும் உண்டு.

பத்தாவது முடித்ததும் டைப்ரைட்டிங் போனாள். தொண்ணூற்றாறில் பாலஸ் ரோட்டில் ஓர் அச்சகத்தில் சேர்ந்தாள். எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த அச்சகம் அது. அந்த வருஷம் அங்கே ஒரு கம்ப்யூட்டர் வந்தது. முதலாளிக்கு அதைத் தொடப் பயம். நீலாம்பாளுக்குப் பயம் இல்லை. நாலு வருஷத்தில் மலையாளம், தமிழ், ஆங்கிலம் மூன்றையும் விசைப்பலகையைப் பார்க்காமல் அடிக்கிற ஆள் மட்டாஞ்சேரியில் அவள் ஒருத்திதான் என்று பெயர் வாங்கினாள். இரண்டாயிரத்தில் சொந்தக் கடை. ஏலக்காய் மூட்டைக்கு ஒட்டுகிற லேபிள், லாரி ஆபீஸ் பில் புத்தகம், மாரியம்மன் கோயில் நோட்டீஸ், சுவரில் ஒட்டுகிற இறந்தவர் படம். எல்லாம் கறுப்பு வெள்ளை.

2002 நவம்பரில் அப்பா போய்விட்டார். பணியில் இருக்கும்போதே இறந்ததால் வாரிசுக்கு அந்த வேலை உண்டு. நான் வெளிநாட்டில். எனவே நீலாம்பாள் பெயரில் மனு போட்டார்கள். 2003 செப்டம்பரில் கடிதம் வந்தது. துப்புரவுத் தொழிலாளி வேலை, விருப்பமா இல்லையா என்று அக்டோபர் ஆறாம் தேதி திங்கட்கிழமைக்குள் எழுதித் தர வேண்டும்.

அம்மாவுக்கு ஒரே பேச்சுத்தான். “பென்சன் இருக்குடி. கம்ப்யூட்டர் உனக்குப் பென்சன் தருமா?”

“அப்பா செஞ்ச வேலைய நான் குறைச்சுச் சொல்லல்லம்மா. எனக்கு வேற வேல தெரியும்ல?”

“தெரிஞ்சாப் போதுமா? கறுப்புலயும் வெள்ளையிலயும் எத்தன நாள் ஓட்டுவே?”

அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. அக்கம்பக்கத்தில் இன்னும் இரண்டு டி.டி.பி. கடைகள் வந்துவிட்டன. லேபிள் வேலை பாதியாகக் குறைந்தது. இனிமேல் கலர் வேலை, அதிலும் கல்யாண ஆல்பம் செய்தால்தான் கடை நிற்கும். தோப்பும்படியில் ஸ்டுடியோ வைத்திருந்த சஜி அவளுக்கு ஒரு கல்யாணத்தின் படங்களைக் கொடுத்துப் பார்த்தார். திரையில் முகமெல்லாம் பட்டை பட்டையாகத் தெரிந்தது. அந்தப் பழைய சில்லு நிறங்களைக் குறைத்துத்தான் காட்டும். நெற்றியில் எங்கே வெளிச்சம் முடிகிறது, எங்கே நிழல் தொடங்குகிறது என்று தெரியாமல், குத்துமதிப்பாக நிறத்தைச் சரிசெய்து கொடுத்தாள். அச்சில் வந்ததைக் கையில் வைத்துக்கொண்டு சஜி கடைக்கே வந்துவிட்டார்.

“எந்தா நீலா இது? கல்யாணப் பெண்ணா, செங்கல் சூளையில வேல கழிஞ்சு வந்நவளா?”

“திரையில நல்லாத்தான் இருந்துச்சு சஜிச்சேட்டா.”

“பெண்ணோட அம்மாகிட்ட திரையையும் கொண்டுபோய்க் காட்டட்டுமா?”

ஆனாலும் அவர் நல்ல மனிதர். பக்க அமைப்பு அவருக்குப் பிடித்திருந்தது. வைப்பின் தீவில் நடந்த இன்னொரு கல்யாணத்தின் படங்களை சி.டி.யில் கொடுத்தார். அக்டோபர் ஐந்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருவேன், மூன்று பக்கம் காட்டு, நன்றாக இருந்தால் இனி என் ஸ்டுடியோவின் எல்லா ஆல்பமும் உனக்குத்தான், இல்லையென்றால் எர்ணாகுளத்துக்குக் கொடுத்துவிடுவேன் என்றார்.

ஞாயிறு சாயங்காலம் சஜி தலையாட்டினால் திங்கட்கிழமை ‘வேண்டாம்’ என்று எழுதலாம். ஆட்டாவிட்டால் ‘சம்மதம்’ என்று எழுதிவிட்டுக் கடையைப் பூட்ட வேண்டும். இதுதான் நிலைமை.

கார்டை என் லுங்கிக்குள் சுற்றி, கைப்பையில் வைத்து, விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். நெடும்பாசேரியில் இறங்கி வீடு வந்து சேர்ந்தது மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை சாயங்காலம். நீலாம்பாள் ஸ்குரூ டிரைவரோடு காத்திருந்தாள். ஆனால் அன்றைக்கு அஷ்டமி. கேரளத்தில் அன்று சாயங்காலம் புத்தகத்தையும் தொழில் சாமான்களையும் பூஜைக்கு வைத்துவிட்டால் விஜயதசமி காலையில் பூஜை எடுக்கும்வரை தொடக் கூடாது. எங்கள் ஜனம் ஊரில் ஆயுத பூஜைக்கு ஒரு நாள் கும்பிட்டு முடிக்கிறவர்கள்தான். இங்கே வந்து இந்த வழக்கத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். அம்மா இரண்டிலும் ஒன்றைக்கூட விடமாட்டாள். நாங்கள் கடைக்குப் போனபோது கம்ப்யூட்டர் மேல் வெள்ளைத் துண்டு விழுந்திருந்தது. முன்னால் வாழையிலை, பொரி, அவல், விளக்கு.

“அம்மா, ஒரு மணி நேரம் கொடு. கார்டை மட்டும் மாட்டிக்கிடறேன்.”

“பூஜைக்கு வச்சாச்சு மோளே. இனி அது அம்மனோடது.”

“ஞாயித்துக்கிழமை சஜிச்சேட்டன் வராரு.”

“ஞாயித்துக்கிழமை காலையில எடுத்துத் தரேன். புதுச் சாமானையும் இங்க வை. வேல தொடங்குறதுக்கு முன்னாடி ஒருவாட்டி அவ காலடியில இருக்கட்டும்.”

நான் வாதாடப் பார்த்தேன். நீலாம்பாள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “விடு அண்ணே. இவகூட சண்ட போட்டுட்டு மாட்டுனா, நாளைக்கி பல்பு பீஸ் போனாக்கூட இதத்தான் சொல்லுவா.” கார்டுப் பெட்டியை இலை ஓரத்தில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினோம்.

சனிக்கிழமை முழுவதும் அவள் சும்மா இருக்கவில்லை. ஒரு வரிக்கோடு போட்ட தாளில் பென்சிலால் மூன்று பக்கங்களையும் வரைந்தாள். இங்கே தாலி கட்டுகிற படம், இங்கே படகில் மறுவீடு போகிற படம் என்று கட்டம் கட்டினாள். நான் அவ்வப்போது கார்டு பெட்டியின் மேல் எழுதியிருந்ததை நினைவுபடுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளை ஸ்லாட்டுக்கான பி.சி.ஐ. என்றுதான் போட்டிருந்தது. போட்டிருந்ததா?

ஞாயிறு காலை எட்டு மணிக்கு அம்மா பூஜை எடுத்தாள். துண்டை மடித்தாள். “ஆச்சு, தொடு” என்றாள்.

நீலாம்பாள் கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே கையை விடுவதற்கு முன் இரும்புச் சட்டத்தை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டாள். உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்கட்டும் என்றாள். நானும் தொடப் போனேன்.

“நீ தள்ளி நில்லு அண்ணே. ஒரு ஆள் தொட்டாப் போதும்.”

பெட்டியைத் திறந்து கார்டை எடுத்தாள். முதல் வெள்ளை ஸ்லாட்டில் நேராக வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினாள். இறுகிப் போய் உட்கார்ந்தது. பின்பக்கம் ஸ்குரூ போட்டாள். மானிட்டர் ஒயரைப் பழைய சாக்கெட்டிலிருந்து பிடுங்கிப் புதிய கார்டில் மாட்டினாள். சுவிட்சைப் போட்டாள்.

ஃபேன் சுற்றியது. திரை கறுப்பு.

ஒரு நிமிஷம் பார்த்தோம். கறுப்பு. அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். கறுப்பு. மானிட்டர் ஒயரைப் பழைய சாக்கெட்டில் மாட்டிப் பார்த்தாள். படம் வந்தது, அதே பழைய படம். அப்படியென்றால் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. புதுக் கார்டு ஒன்று உள்ளே இருப்பதையே அது கண்டுகொள்ளவில்லை.

“டெட் கார்டைத் தலையில கட்டிட்டானுங்க” என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. “கடையில ஒருவாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லியிருக்கணும். நான் பெட்டியத் தொறந்துகூடப் பாக்கல. இன்னைக்கி ஒரு கடையும் தொறக்காது. நீலா, நாம பேசாம அந்த வேலைக்கே...”

“பேசாம இரு. நீ என்ன சொல்ல வர்றேன்னு தெரியும். இரு.”

கழற்றி மறுபடி மாட்டினாள். கறுப்பு. மணி ஒன்பதரை. அம்மா வாசல்படியில் உட்கார்ந்து பொரியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமல், “வரல்லையா?” என்றாள். அந்தக் கேள்வியில் பாதி கவலை. மீதி பாதியில் பென்சன் இருந்த மாதிரி எனக்குப் பட்டது.

நீலாம்பாள் கார்டைக் கையில் எடுத்துக்கொண்டு டியூப் லைட்டுக்குக் கீழே போய் நின்றாள். கார்டின் அடிப்பக்கத்தில், ஸ்லாட்டுக்குள் இறங்குகிற விளிம்பில், வரிசையாகத் தங்க நிறப் பட்டைகள் இருக்கும். கம்ப்யூட்டரும் கார்டும் ஒன்றையொன்று தொட்டுப் பேசிக்கொள்வது அந்தப் பட்டைகள் வழியாகத்தான். அதை மூக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“அம்மா.”

“என்ன?”

“இந்தக் கார்டு ஒரு வெள்ளிக் கலர் கவருக்குள்ளதானே வரும், அத யாரு பிரிச்சா?”

“நான்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி விளக்கப் பாக்க வந்தப்ப. சாமிக்கு முன்னால பைக்குள்ள போட்டு முகத்த மூடி வைக்கிறதா?”

“பிரிச்சு?”

“சந்தனம் வச்சேன். நடுவுல குங்குமம். மூணு இடத்துல. அப்பொறம் பெட்டிக்குள்ளயே வச்சுட்டேன்.”

“எங்க வச்சே?”

“அந்தத் தங்கம் மாதிரி மின்னுதுல்ல, அங்க. முகம் அதுதானே?”

நான் வாயைத் திறந்தேன். நீலாம்பாள் என்னை முந்திக்கொண்டு சிரித்துவிட்டாள். சுவரில் சாய்ந்து, கார்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“என்னடி சிரிப்பு? போன வருஷம் மானிட்டருக்கு வச்சேன். அது ஓடல்லையா?”

“மானிட்டருக்கு நெத்தியில வச்சே. இதுக்கு நாக்குல வச்சிருக்கியேம்மா. எப்படிப் பேசும்?”

மூன்று பொட்டுகளும் இரண்டு நாளில் காய்ந்து, பட்டைகளின் மேல் மெல்லிய ஓடு மாதிரி ஒட்டியிருந்தன. நீலாம்பாள் மேசை டிராயரில் பென்சில் அழிக்கிற ரப்பரைத் தேடி எடுத்தாள். அம்மா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தாள்.

“அம்மனுக்கு வச்ச குங்குமத்த ரப்பர் போட்டு அழிக்கிறதா? நல்ல நாளும் அதுவுமா? கூடாது.”

“பின்ன எப்படி எடுக்க?”

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தாகப் போகிறது. இந்த வாக்குவாதம் அடுத்த அஷ்டமிவரைக்கும் நீளும் என்று பயந்தேன். நீலாம்பாள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு கார்டை ஒரு வெள்ளைத் தாளின் மேல் வைத்து அம்மாவிடம் நீட்டினாள்.

“நீயே எடு. நகத்தால மெள்ள. எடுத்து எனக்கு வச்சு விடு. அப்ப அது அழிக்கிறது இல்லல்ல?”

அம்மா யோசித்துப் பார்த்தாள். அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. உட்கார்ந்தாள். முப்பது வருஷமாகச் சுக்கின் மடிப்பிலிருந்து மண்ணைச் சுரண்டுகிற விரல்கள். பட்டையில் ஒரு கீறல் விழாமல் மூன்று பொட்டையும் ஓடு ஓடாகப் பெயர்த்துத் தாளில் சேர்த்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து நீலாம்பாள் நெற்றியில் வைத்தாள். மிச்சத்தை எனக்கு. “இனி உன் ரப்பர் என்னமோ பண்ணட்டும்” என்றாள்.

ஒட்டியிருந்த மஞ்சள் கறையை நீலாம்பாள் ரப்பரால் தேய்த்தாள். தூளை ஊதாமல் உலர்ந்த பிரஷால் தட்டினாள். ஊதினால் எச்சில் படும் என்றாள். முதல் ஸ்லாட்டுக்குள் சந்தனத் தூள் உதிர்ந்திருக்கும் என்று அதை விட்டுவிட்டு இரண்டாவதில் கார்டை அழுத்தினாள். ஒயரை மாட்டினாள். அவள் சுவிட்சில் கை வைத்ததும் நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

‘டிக்’ என்று மானிட்டருக்கு உயிர் வருகிற சத்தம் கேட்டது. அப்புறம் அவள் குரல். “அண்ணே, திரும்பு. வந்துச்சு.”

கார்டு கம்பெனியின் பெயர் திரையில் வெள்ளை எழுத்தில் வந்து போனது. அதன் பிறகு செய்ய வேண்டியதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். இனி எப்போதும் படம் அனுப்ப வேண்டியது புதுக் கார்டுதான், பழைய சில்லு அல்ல என்று செட்டிங்கில் மாற்றினாள். சி.டி.யிலிருந்து கார்டுக்கான புரோகிராமை ஏற்றினாள். நிறங்களை உச்சத்துக்கு வைத்தாள். வைப்பின் கல்யாணத்தின் முதல் படத்தைத் திறந்தாள்.

மணப்பெண்ணின் நெற்றியில் ஒரு பட்டை இல்லை. சுட்டிக்கடியிலிருந்து புருவம்வரை வெளிச்சம் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்தது. பச்சைப் புடவை என்று நினைத்தது இரண்டு பச்சை. உடம்பு ஒன்று, கரை ஒன்று. நீலாம்பாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். எங்களைப் பார்க்காமலேயே, “ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க” என்றாள். அம்மாவும் நானும் பொரியைத் தின்றுகொண்டே வீட்டுக்கு நடந்தோம்.

சாயங்காலம் ஆறு மணிக்கு சஜி வந்தபோது நானும் அங்கே போய்விட்டேன். மூன்று பக்கமும் தயாராக இருந்தன. ஹெல்மெட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். முதல் பக்கம். இரண்டாவது. படகுப் படத்தில் மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். தையல் தெரிந்தது.

“பெண் வெளுத்துப் போயிட்டாளோ?” என்றார்.

“இல்ல சேட்டா. அவங்க கலர் அதுதான். நீங்க எடுத்த படத்தோட வச்சுப் பாருங்க.”

அவர் பையிலிருந்து சின்னப் படம் ஒன்றை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ம். இது பெண்ணு. செங்கல் அல்ல.” ஹெல்மெட்டை மேசையில் வைத்தார். “நாளைக்கி கலர் லேபுக்குக் கொடுத்து அச்சு எடுத்துப் பாக்கறேன். ஆனா எனக்கு இப்பவே தெரியுது. அடுத்த மாசம் நாலு கல்யாணம் உண்டு. நீ ஓணத்துக்கு முன்னாடியே இந்தக் கார்டை வாங்கியிருந்தா நான் அந்த முதல் பெண்ணோட அம்மாகிட்ட ஏச்சு வாங்கியிருக்க வேண்டாம்.”

“சேட்டா, வாக்குதானே?” என்று கேட்டது நான். நீலாம்பாள் என்னை முறைத்தாள். சஜி சிரித்தார். “கல்ஃப்காரனுக்கு எல்லாத்துக்கும் பேப்பர் வேணும் போல” என்று, அங்கே கிடந்த தாளிலேயே நாலு கல்யாணத் தேதிகளையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை கார்ப்பரேஷன் ஆபீசுக்கு மூன்று பேரும் போனோம். கடிதத்தை நீலாம்பாள் முந்தின ராத்திரியே மலையாளத்தில் அடித்து வைத்திருந்தாள். நாலே வரி. அம்மா உள்ளே வரவில்லை, எதிரே சாயாக் கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். செக்ஷனில் ஓமனா என்ற அம்மாள் கடிதத்தை இரண்டு முறை படித்தார். அப்பாவைத் தெரிந்தவர்.

“ஆலோசிச்சோ மோளே? பிறகு கேட்டா கிடைக்காது.”

“ஆலோசிச்சாச்சு சேச்சி.”

முத்திரை விழுந்தது. நகலில் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். சாலையைக் கடக்கும்போது அம்மா என்ன சொல்லப் போகிறாளோ என்றுதான் எனக்கு யோசனை. அம்மா எங்களுக்கும் சேர்த்து மூன்று சாயா சொல்லி வைத்திருந்தாள். நீலாம்பாள் பக்கத்தில் உட்கார்ந்ததும் கேட்டாள்.

“கொடுத்தாச்சா?”

“கொடுத்தாச்சு.”

அம்மா கண்ணாடித் தம்ளரைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தாள். “விடியக்காலம் நாலரைக்கு உங்கப்பனுக்குக் கதவத் தொறந்து விட்டவ நான். மழைக்காலத்துல அந்தக் கால் ரெண்டும் எப்படி வெந்து கெடக்கும்னு நீங்க பாத்ததில்ல, தூங்கிட்டிருப்பீங்க. உனக்கும் அப்படித் தொறந்து விடணுமேன்னு ஒரு மாசமா எனக்கு உறக்கம் இல்ல.”

“பின்ன ஏம்மா தினம் பென்சன் பென்சன்னு?”

“பென்சன் நல்லதுதானே? அத வேண்டாம்னு எழுதிக் கொடுத்தா எந்தத் தாய்க்கு வயித்தெரிச்சல் இருக்காது?” அம்மா சாயாவை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தாள். “ரெண்டு நாள் நான் புலம்புவேன். யாரும் எங்கிட்ட வந்து சமாதானம் சொல்லாதீங்க. இப்பப் போயிக் கடையத் தொற.”